வளர் போட்ட வெளிச்சம்

1

நவம்பர் மாதத்தில் இந்த நகரத்துக்கு மாலைப்பொழுது என்று ஒன்று கிடையாது. மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் வெளியே இருட்டிவிடும். சுவீடன் நாட்டின் கோதன்பர்க்கில் நான் வந்து இறங்கியதும் அப்படியொரு நவம்பரில்தான். இந்த ஆண்டோடு பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்தன.

வீடுகளுக்கும் பணியிடங்களுக்கும் ஒளியமைப்பது என் தொழில். எந்த விளக்கு, எந்த உயரத்தில், எந்த நிறத்தில், யாருடைய கண்ணுக்கு என்பதைத் தீர்மானிப்பவள் நான். ஆண்டுதோறும், வந்து சேர்ந்த நாளன்று, இங்கே நான் ஒளியமைத்த முதல் கட்டடத்துக்குப் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருப்பேன். அது ஒரு சிறிய பொது நூலகம். வருகிறவர்கள் ஈரக் கோட்டைக் கழற்றி மாட்டுகிறார்கள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள், படிக்கிறார்கள். எழுத்தின் மீது நிழல் விழுவதில்லை. வழவழப்பான தாள் பளபளத்துக் கண்ணை உறுத்துவதில்லை. ஒருவர்கூட அண்ணாந்து பார்ப்பதில்லை. அப்படி யாரும் பார்க்காததே வேலை சரியாக முடிந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். நல்ல ஒளி பொருளைக் காட்டும், தன்னைக் காட்டிக்கொள்ளாது. வாடிக்கையாளர்களிடம் இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். நம்பியும் இருக்கிறேன்.

இந்த ஆண்டு அங்கே அமர்ந்திருந்தபோது பழவேற்காட்டை அடுத்த லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து என் அண்ணன் குமார் ஒரு புகைப்படம் அனுப்பினான். விடிவதற்குச் சற்று முன், கடலிலிருந்து திரும்பும்போது, படகில் இருந்தபடியே எடுத்தது. கரையில் ஒரு வெள்ளைச் சுடர் கொழுந்துவிட்டது போல எங்கள் ஊர் ஏலக்கூடம் நின்றது. கூடவே குரல்செய்தி:

"பாரு சுகந்தி, வளர் போட்ட லைட்டு! இன்னாமா கீது பாரு! ஊரே அதான் பேசிக்கினு கீது."

நூலகத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். என் பெயர் அந்தக் கட்டடத்தில் எங்கும் இல்லை. இந்த நகரத்தில் நான் அமைத்த விளக்குகளின் அடியில் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட "சுகந்தி போட்ட லைட்டு" என்று சொன்னதில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்டது பொறாமை. வேறு நாகரிகமான சொல்லைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

2

வளர்மதி என் அத்தை மகள். என் அண்ணனைத் திருமணம் செய்துகொண்டதால் முறைக்கு அண்ணி. ஆனால் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் என்பதால் "அண்ணி" என்று கூப்பிட்டால் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். நான் சென்னையில் பொறியியல் படித்தேன். அவள் மின்னியல் டிப்ளமோ முடித்து, மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறாள். தன் வேலையைத் தானே பாராட்டிக்கொள்வதில் அவளுக்குக் கூச்சம் இருந்ததே இல்லை.

அந்த ஏலக்கூடத்தில் விடியற்காலையில் வேலை செய்பவர்கள் பெண்கள். படகுகள் வந்ததும் இறாலைக் குவித்து, வட்டமாகத் தரையில் உட்கார்ந்து பிரிப்பார்கள். பெரியது, சிறியது, வெள்ளை, வரி, தலை கறுத்தது. தலை கறுத்த இறால் ஒன்றிரண்டு நல்ல குவியலில் கலந்துவிட்டால் வியாபாரி முழுக் கூடைக்கும் விலையைக் குறைத்துவிடுவான். அங்கே இருந்தது கூரையின் நடுவில் ஒரே பல்பு. குனிந்து வேலை செய்பவளின் தலை நிழல் குவியலின் மேலேயே விழும். ஆகவே செல்பேசி விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் பிரிப்பார்கள்.

சென்ற ஆண்டு அந்தக் கூடத்துக்கு நான் ஒரு வரைபடம் அனுப்பினேன். ஒளியின் நிறம், அளவு, நிழல் எல்லாம் கணக்கிட்டு ஒழுங்காக வரைந்தது. இங்கே மீன் பதனிடும் கூடங்களுக்கு வரைந்த பழக்கத்தில், மேசை உயரத்தில் வேலை நடக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டிருந்தேன். வளர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்று.

"ஏண்டி, எங்களுக்கு மேசை வாங்கித் தர்றியா?"

தரையில் உட்கார்ந்து இறால் பிரித்த குடும்பத்தில் பிறந்தவள் நான்.

பிறகு அவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து முடித்தாள். ஒவ்வொரு விளக்கையும் நைலான் கயிற்றில் கட்டி, கூரைச் சட்டத்தில் கப்பி மாட்டி, மறுமுனையில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை ஒரு பையில் போட்டுத் தொங்கவிட்டாள். எடைக்கு எடை சமம். வேலைக்கு உட்காரும் பெண் ஒரு கையால் விளக்கைக் கீழே இழுத்தால் குவியலுக்கு மேல் வந்து நிற்கும். ஏலம் தொடங்கும்போது தட்டிவிட்டால் மேலே போய்விடும். ஒளி வேலை நடக்கும் இடத்துக்கே வருகிறது. நிழல் முதுகுப் பக்கம் போகிறது. நான் இத்தனை ஆண்டுகள் கற்றதன் சாரம் அதுதான். ஆனால் அந்தக் கயிறு எனக்குத் தோன்றவில்லை.

3

இங்கே ஓர் அலுவலகத்தில் மேசை விளக்கை மாற்றவேண்டுமென்றால் முதலில் ஒரு கூட்டம், பிறகு பணியாளர் பிரதிநிதியோடு ஒரு கூட்டம், அதன் பிறகு தீயணைப்பு விதிகளைப் பார்ப்பவரின் ஒப்புதல். கடைசியில் அளவுகருவியோடு ஒருவர் வந்து ஒவ்வொரு மேசையிலும் ஒளியை அளந்து குறித்துக்கொண்டு போவார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தொழிலாளியின் கண்ணுக்கு ஒரு நாடு இவ்வளவு மரியாதை கொடுக்கிறது என்பது பெரிய விஷயம். நம் ஊர்த் தையல் கூடங்களிலும் பட்டறைகளிலும் இதில் கால்வாசி இருந்தால்கூட நாற்பது வயதுக்குள் கண் மங்கிப்போகிறவர்கள் குறைவார்கள். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துபோன ஒரு வேலையை நினைத்து எனக்கு ஏக்கம் வராமல் இல்லை.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டுக்கும் ஒன்று சொல்லலாம். நம் சமையலறைகளில் பெரும்பாலும் விளக்கு நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நறுக்கும் கத்தியின் மேல் நம் நிழலே விழுகிறது. மேடைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு சிறு விளக்கை மறைத்துப் பொருத்திப் பாருங்கள். கூடத்தில் சுவரின் நடுவே ஒற்றைக் குழல்விளக்கை மாட்டி வீடு முழுவதையும் ஒரே வெள்ளையாக்குவதைவிட, உட்காரும் இடத்துக்கு ஒன்று, படிக்கும் இடத்துக்கு ஒன்று எனத் தாழ்வாக வைப்பது நல்லது. படுக்கும் முன் வெள்ளை வெளிச்சம் வேண்டாம், உறக்கம் கெடும்.

இந்த அறிவுரைகளை என் மகள் மிருதுளா கேட்பதில்லை. அவளுக்குப் பதினான்கு வயது. சென்ற மாதம் ஒருநாள் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது அவள் அறைக் கதவின் இடுக்கில் ஊதா நிறம் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே கூரை ஓரம் முழுக்க ஒட்டுநாடா விளக்கு. ஒளியமைப்பாளரின் வீட்டில் ஊதா நிறம்! கட்டில் மேல் செல்பேசி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் திரையில் வளர்.

"அந்த மூலைல வளைக்காதடி கண்ணு, உடைஞ்சிடும். ரெண்டா வெட்டி ஜாயிண்ட் போடு. ஆங், அப்டித்தான்!"

"ஏன் மிரு, என்கிட்டக் கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"நீங்க வேணாம்னு சொல்வீங்க அம்மா. அத்தை எப்படின்னு சொல்றாங்க," என்றாள், சுவீடிஷ் ராகத்தில் இழுத்த தமிழில்.

திரையில் வளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. என் ஊரில் என் தொழில், என் வீட்டில் என் மகள்: இரண்டு இடத்திலும் அவளே விளக்குப் போடுகிறாள் என்று நினைத்தேன். அந்த ஊதா நிறத்தை அணைக்கச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.

4

அண்ணன் அனுப்பிய படத்தை வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். குறை தேடித்தான் பார்த்தேன் என்பதை மறைப்பதில் பயனில்லை. குறை கிடைத்தது. கிடைத்ததும் எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. பிறகுதான் அச்சம் வந்தது.

ஏலக்கூடம் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடலும் ஏரியும் சேரும் அந்த வாயில் வழியாகத்தான் எங்கள் படகுகள் உள்ளே வரவேண்டும். அங்கே மணல் ஓரிடத்தில் நிற்காது. நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று திட்டாகிவிடும். எந்தக் கருவியும் அதை அன்றன்று சொல்லாது. அலை உடையும் வெள்ளை நுரையைக் கண்ணால் பார்த்து, அது இல்லாத இடத்தில் படகை நுழைக்கவேண்டும். விடியாத நேரத்தில் அந்த நுரை தெரிய வேண்டுமானால் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும். கண்ணில் ஒரு பளீர் வெளிச்சம் பட்டால் அந்தப் பழக்கம் ஒரு நொடியில் போய்விடும். திரும்பி வர வெகுநேரமாகும்.

படத்தில் கூடத்தின் கடல் பக்க விளக்குகள் திறந்த வாசல் வழியாக நேரே படகைப் பார்த்துக்கொண்டிருந்தன. நுரைக்கோடு எங்கே என்று தேடினேன். தெரியவில்லை.

அண்ணனை அழைத்தேன்.

"முகத்துவாரத்தைக் கடக்கையில் ஒளி கண்ணில் படுகிறதா?" என்று கேட்டேன்.

"இன்னா, நியூஸ் வாசிக்கிறியா?" என்று சிரித்தான். அலுவலகத்தில் நாளெல்லாம் சுவீடிஷ் பேசிவிட்டு வந்தால் என் தமிழ் இப்படி விறைத்துக்கொண்டுதான் வருகிறது. மறுபடி கேட்டதும் சற்றுத் தயங்கினான்.

"கொஞ்சம் கூசுது. ஒரு கைய இப்டி கண்ணுக்கு மேல வெச்சுக்குவேன்."

"இன்னொரு கை எஞ்சின்ல இருக்குமே, அப்போ படகோட விளிம்பை எந்தக் கையால பிடிச்சுப்பே?"

பேச்சை மாற்றப் பார்த்தான்.

"வளர்கிட்டச் சொன்னியா?"

"அவ ஆசையா போட்டது, பாப்பா. அத்தோட, கண்ணு கூசுதுனு எவன் சொல்லுவான்? சொன்னா 'உனுக்குக் கண்ணு போச்சு, போட்டு ஓட்டறத உட்டுட்டு வல பின்னு'ம்பானுங்க. எல்லாருக்கும்தான் கூசுது. ஒருத்தனும் வாயத் தொறக்கல."

அப்போதுதான் இன்னொன்றும் சொன்னான். வரும் ஞாயிறு ஊர்க் கூட்டம். பெண்கள் இருட்டோடு வந்து கூடத்தில் கூடுகிறார்கள், கரண்ட் வீணாகிறது என்று விளக்குகளைக் கழற்றச் சொல்லிச் சிலர் புறப்பட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் இதே தொழிலில் இருப்பவள் என்பதால் என்னிடம் போனில் கருத்துக் கேட்கப் போகிறார் நாட்டார். எங்கள் ஊரில் வழக்கு வம்புகளைத் தீர்த்துவைக்கும் பெரியவர் அவர்.

"நீ சொன்னா கேப்பாங்க," என்றான் அண்ணன்.

அந்த வாக்கியம் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. "படகுக்கு ஆபத்து" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றே எல்லா விளக்கும் இறங்கிவிடும். பெண்கள் மறுபடி செல்பேசியைப் பல்லில் கடிப்பார்கள். சொல்லாமல் விட்டாலோ, வடகிழக்குக் காற்று வலுக்கும் நாளில் என் அண்ணன் ஒற்றைக் கையோடு முகத்துவாரத்தில் நிற்பான். இதை ஒளியமைப்பாளராகச் சொல்கிறேனா, வயிற்றெரிச்சலில் சொல்கிறேனா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை. உண்மை என்பது யார் வாயிலிருந்து, எந்த மனத்தோடு வந்தாலும் உண்மைதான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பொறாமைக்காரி சொல்லும் உண்மை தேவைக்கு மேல் இரண்டு விளக்கைச் சேர்த்து அணைத்துவிடும் என்று எனக்கு அச்சமாக இருந்தது.

ஆகவே கூட்டத்துக்கு முந்தைய நாள் வளரை அழைத்தேன்.

5

"இன்னாடி, ஃபோட்டோ பாத்துட்டு ஒரு வார்த்த பேசல? வயிறு எரியுதா?" என்றுதான் ஆரம்பித்தாள்.

"எரியுது."

சிரிப்பு பாதியில் நின்றது. "நெசமாவா?"

"நிஜமாத்தான். அந்தக் கயிறும் ஈயக்குண்டும் எனக்குத் தோணலையேன்னு இன்னும் எரியுது. ஆனா வளர், கடல் பக்க விளக்கு அண்ணன் கண்ணைக் கூசுது. ஒரு கையால கண்ணை மறைச்சுக்கிட்டுத்தான் முகத்துவாரத்துல நுழையறான்."

"யார் சொன்னது?"

"அவன்தான்."

"என்னாண்ட சொல்லலியே அந்த மனுசன்!"

"நீ ஆசையா போட்டதாம்."

பின்னணியில் யாரோ ஐஸ் கட்டியை உடைக்கும் சத்தம் கேட்டது.

"பொறாமைல சொல்றியா, மெய்யாலுமே சொல்றியா?"

"ரெண்டும் இருக்கு. எது எவ்வளவுன்னு எனக்கே தெரியல. நீயே பாத்து முடிவு பண்ணு."

"எங்கேர்ந்து பாக்கறது?"

"கடல்லேர்ந்து."

"பொம்பளய எவன்டி போட்டுல ஏத்தறான்?"

நான் அதை மறந்திருந்தேன். எங்கள் குப்பத்தில் பெண்கள் மீனைத் தொடுவார்கள், வலையைத் தொடுவார்கள், கரையில் நிற்கும் படகைத் தள்ளவும் செய்வார்கள். கடலுக்குப் போகும் படகில் மட்டும் ஏறமாட்டார்கள். வளரும் நானும் அந்தக் கடலை ஒட்டி வளர்ந்தவர்கள். ஆனால் எங்கள் ஊர் கடலிலிருந்து எப்படித் தெரியும் என்று இருவருக்கும் தெரியாது. தான் போட்ட விளக்கு யார் கண்ணில் போய் விழுகிறது என்று அவள் பார்த்திருக்க வழியே இல்லை.

"நீ மட்டும் தெனம் போட்டு ஏறி ஆபீசு போற," என்றாள் திடீரென்று. நகரின் நடுவே ஓடும் ஆற்றைக் கடக்க நான் ஏறும் பயணிகள் படகைச் சொன்னாள். "தண்ணி மேல நின்னுக்கினு காபி குடிக்கிற ஃபோட்டோ வேற. அத்தப் பாக்கறப்ப எனக்கு எரிஞ்சுதே, அது உனக்குத் தெரியுமா? பேஜாரா இருக்கும்டி. கடலு எங்க வூட்டு வாசல்ல கீது. போட்டுல போறது நீ."

அவள் சொன்னது சரி. கரை விளக்குகள் தண்ணீரிலிருந்து பார்ப்பவரின் கண்ணை எப்படிக் கெடுக்கும் என்பதை நான் கற்றுக்கொண்டதே அந்தப் படகின் தளத்தில் நின்றபடிதான்.

6

ஞாயிற்றுக்கிழமை நாட்டார் செல்பேசியை எல்லாரும் கேட்கும்படி வைத்தார். காற்று, இருமல், நாற்காலி இழுபடும் ஓசை, பெண்களின் முணுமுணுப்பு எல்லாம் வந்தன.

"ஏம்மா சுகந்தி, நல்லா கீறியா? துன்னியா?"

"நல்லா இருக்கேன் பெரியப்பா. சாப்பிட்டேன்."

"இந்த லைட்டால ஊரு ரெண்டாகீது. நீ படிச்சவ, வெளிநாட்டுல இதான் உன் தொழிலு. கழட்டணுமா, வேணாமா? ஒரே பேச்சா சொல்லிடு."

ஒரே சொல்லில் வளரை இறக்கிவிடக்கூடிய வாய்ப்பு என் வாயருகே இருந்தது. தண்ணீர் குடித்தேன்.

"கழட்டக் கூடாது பெரியப்பா. அது நல்ல வெளிச்சம். நான் வரைஞ்சு அனுப்பினதைவிட நல்லா இருக்கு." இதைச் சொல்ல எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. "ஆனா வேலை இன்னும் முடியல. போட்டவ அதை ஒரு பக்கத்திலேர்ந்துதான் பாத்திருக்கா. கடல்லேர்ந்தும் பாக்கணும். விளக்கு போட்டவங்க எல்லாப் பக்கமும் நின்னு பாக்காம, எங்க ஊர்ல வேலை முடிஞ்சதா ஒத்துக்க மாட்டாங்க."

"எங்க ஊராமே!" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. அப்போதுதான் நான் எந்த ஊரை அப்படிச் சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது. திருத்த நேரமில்லை.

"கடல்லேர்ந்துனா?" என்றார் நாட்டார். "போட்டுல ஏத்தச் சொல்றியா?"

"ஆமா பெரியப்பா. வளரை ஏத்தணும்."

ஒரே கூச்சல். ஆகாது என்று ஒரு குரல். ஏன் ஆகாது, நாங்க சீட்டு புடிச்சுத் தந்த துட்டுல வாங்கின போட்டுதானே என்று ஒரு பெண் குரல். அதற்கு நடுவே அண்ணன் பேசியது கேட்டது.

"என் போட்டு. என் பொண்டாட்டி. நா இட்டுக்கினு போறேன். அப்பால இன்னொண்ணு சொல்லிடறேன், எனக்குக் கண்ணு கூசுது. யாருக்குக் கூசலயோ அவன் கைய தூக்கட்டும்."

யாராவது கை தூக்கினார்களா என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்க முடியாத தொலைவில் இருந்தேன். சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. கடைசியில் நாட்டார் தொண்டையைச் செருமினார்.

"சரி. மொகத்துவாரம் தாண்ட வேணாம். உள்ளயே நின்னு பாத்துட்டு உஷாரா வரட்டும்."

7

அண்ணன் தாண்டித்தான் அழைத்துப்போனான். அதை அவன் நாட்டாரிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னான்.

திரும்பி வந்ததும் வளர் வீட்டுக்குக்கூடப் போகவில்லையாம். ஐஸும் மீனும் போட்டு வைக்கும் நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய்களில் ஓட்டை விழுந்தவற்றை எடுத்து, நெடுக்கில் பாதியாக அறுத்து, கடல் பக்க விளக்குகளின் மேல் வளைத்துக் கட்டிவிட்டாள். கூட்டமில்லை, ஒப்புதலில்லை, அளவுகருவியோடு யாரும் வரவில்லை. வெளிச்சம் குவியல் மேல் அப்படியே விழுகிறது. கடல் பக்கம் போவதில்லை. ஊரில் இப்போது அதற்கு "வளர் மூடி" என்று பெயராம். குறையைச் சொன்னவள் நான். பெயர் அதற்கும் அவளுடையதே!

இரண்டு நாள் கழித்து, ஆற்றுப் படகின் தளத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு படம் வந்தது. இம்முறை எடுத்தவள் வளர். மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க மறுபடி போயிருக்கிறாள். முன்புறத்தில் அண்ணன், முதுகு மட்டும். ஒரு கை எஞ்சின் பிடியில், மறுகை படகின் விளிம்பில். அவனுக்கு அப்பால் முகத்துவாரத்தில் நுரை, கோலப்பொடியை இழுத்தது போல, விட்டுவிட்டு வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் கரை. கூடம் இருக்கவேண்டிய இடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருட்டுதான் இருந்தது.

அழைத்தேன்.

"உன் லைட்டு எங்கடி? காணோமே?"

"எரிஞ்சுக்கினுதான் கீது. கூடத்துல பொம்பளைங்க எறா பிரிச்சுக்கினு இருந்தாங்க. உனக்குத் தெரியலயா?"

"தெரியல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன். ஒண்ணுமே தெரியல."

"அப்ப சரி," என்றாள்.

என் தொழிலில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப்பெரிய பாராட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டேன் என்பது போனைக் காதிலிருந்து எடுக்கும்போதுதான் புரிந்தது. மீண்டும் காதில் வைத்துக்கொண்டேன். எங்கள் படகு கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டடங்களின் சன்னல்களில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. இந்த ஊர் தண்ணீரிலிருந்து எப்படித் தெரியும் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தெரியும்.

"வளர், கடல்லேர்ந்து பாத்தா நம்ம ஊரு எப்படிடி இருக்கு?"

அவள் அவசரப்படாமல், ருசித்துச் சொன்னாள்:

"சொல்ல மாட்டேன். வந்து பாத்துக்கோ."